என் கையில சரியா வருதே!

“கொஞ்சம் தள்ளுங்க” என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. நாற்காலியில் இருப்பவர் எழுந்தாக வேண்டும். எழுந்ததும் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விசைப்பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு இழுப்பு இழுத்துத் துடைப்பார். பிறகு அதே கைக்குட்டையை நாற்காலியில் விரித்து உட்காருவார். பக்கத்தில் நிற்பவருக்கு, இத்தனை நாள் தான் ஏதோ அழுக்கில் புரண்டுகொண்டிருந்தது போலத் தோன்றிவிடும்.

ஐந்து மாடி ஆஸ்பத்திரி அது. அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் அவர்தான் வைத்தியர். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. வரவேற்பு மேசையிலிருந்து பிரசவ வார்டு வரை அவருக்கு ஒரே பெயர், ‘தள்ளுங்க சார்’. அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான் என்று எனக்குத் தோன்றும்.

வயது ஐம்பத்திரண்டு. படம் காட்டும் திரைகள் அவருக்குப் பிடிக்காது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அதில் தட்டித் தட்டி வேலை வாங்குவதுதான் வேலை என்பார். யாராவது மவுஸைத் தேடினால் “எலி பிடிக்கிற வேலையெல்லாம் நமக்கு வேணாம்” என்று அதைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுவார். இயந்திரத்திடம் மட்டும் மரியாதை தூள் பறக்கும். “என்ன சொல்றீங்க? ஏன் இப்படி அடம் பிடிக்கிறீங்க? எதுவா இருந்தாலும் மனசு விட்டுச் சொல்லுங்க” என்று திரையைப் பார்த்துக் கெஞ்சுவார். மனிதர்களிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “என்ன பண்ணீங்க?” அந்தக் கேள்வியிலேயே தீர்ப்பும் இருக்கும். “நான் ஒண்ணும் பண்ணல சார்” என்றால், “அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க” என்பார்.

கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஒருமுறை மருந்துக் கிடங்கின் கணினி நாள் முழுக்க முரண்டு பிடித்தது. வெளியிலிருந்து வந்த இரண்டு நிபுணர்கள் கையை விரித்துவிட்டுப் போனார்கள். இவர் வந்து, கைக்குட்டை விரித்து, பத்து நிமிடத்தில் ஒரு வரியின் கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வெற்றிடத்தைக் கண்டுபிடித்துத் தட்டிவிட்டார். இயந்திரம் ஓடியது. அன்று அவர் நடந்து போன தோரணையைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இந்தக் கதை அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. யார் கணினியில் உட்கார்ந்தாலும், முதலில் அவர்களை வெளியேற்றிவிட்டுத் தன் பெயரில், தன் கடவுச்சொல்லில் உள்ளே போவார். அவர் பெயரில் நுழைந்ததும் இயந்திரம் அவருடைய செட்டிங்ஸ் ஃபைலை, அதாவது அவர் தன் வசதிக்கு எழுதி வைத்த கட்டளைகளை, முதலில் படிக்கும். நானூறு வரி. இருபது வருடமாக ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வரி, மூன்று வரி என்று சேர்த்துச் சேர்த்து வளர்த்தது. அதில் பாதி வரிகள் எதற்கு இருக்கின்றன என்று அவருக்கே மறந்துபோய்விட்டது. ஆனால் அது இல்லாத இயந்திரத்தில் அவருக்குக் கை ஓடாது. “எனக்கு என் வீட்டுலதாங்க தூக்கம் வரும்” என்பார்.

அடுத்தவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு அவர் ஒருநாளும் அடுத்தவர் வீட்டுக்குள் போனதில்லை. போனதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

தரைத்தளத்தில் வீட்டுச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே நர்ஸ்கள் வேனில் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவார்கள், ஊசி போடுவார்கள். இன்று யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் காலை ஏழு மணிக்குக் கையில் இருக்க வேண்டும். அதற்குத் தள்ளுங்க சார் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். ஸ்கிரிப்ட் என்றால் ஒன்றுமில்லை, இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு. அதன் பெயரைத் தட்டினால் போதும், நோயாளிகளின் பெரிய பதிவேட்டிலிருந்து அன்றைக்கு உரியவர்களைப் பொறுக்கி, பகுதிவாரியாக அடுக்கித் தந்துவிடும்.

அதைத் தினமும் தட்டியவர் ‘பட்டியல் அக்கா’. பதினோரு வருடமாக அதே மேசை. ஏழு மணிப் பட்டியலுக்கு ஆறரைக்கே வந்துவிடுவார். எல்லாரும் அக்கா என்பதால், அவரைவிட ஆறு வயது மூத்த தள்ளுங்க சாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

இந்த வருடத் தொடக்கத்தில் பட்டியலில் பெயர்கள் விடுபட ஆரம்பித்தன. ஒருநாள் ஒன்று, ஒருநாள் இரண்டு. அக்காவே அதைக் கவனித்து அவரைக் கூப்பிட்டனுப்பினார். வழக்கம்போல “தள்ளுங்க”, துடைப்பு, விரிப்பு. அக்காவின் பெயரிலிருந்து வெளியே வந்து தன் பெயரில் நுழைந்தார். கட்டளையைத் தட்டினார். முழுப் பட்டியலும் அட்சரம் பிசகாமல் வந்து நின்றது.

“என் கையில சரியா வருதே!”

“நான் அடிச்சா வர்றதில்ல சார். கொஞ்சம் நில்லுங்க, நான் அடிச்சுக் காட்டுறேன்.”

“கவனமா அடிங்கக்கா, வரும்.” இதைச் சொன்னபோது அவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

மூன்று முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறை அக்கா ஒரு தாளோடு காத்திருந்தார். விடுபட்ட பெயர்களை வரிசையாக எழுதி, பதிவேட்டோடு ஒப்பிட்டு வைத்திருந்தார். “சார், நான் ஒண்ணு கவனிச்சேன். போன் நம்பர் இல்லாதவங்க பேருதான் விடுபடுது. பாருங்க, இந்த ஏழு பேருக்கும் போன் கட்டம் காலி.”

தாளை அவர் கையில்கூட வாங்கவில்லை. “அந்த ஸ்கிரிப்ட் போன் நம்பரைத் தொடறதே இல்லக்கா. யார்கிட்ட போன் இருக்கு, யார்கிட்ட இல்லன்னு மெஷினுக்கு என்ன ஜோசியமா தெரியும்?” என்றார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம்தான் ஓவிய வாத்தியார் விஷயம். ஓய்வு பெற்றவர், தனி ஆள், மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. காலில் ஆறாத புண். எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாது என்பதால், நர்ஸ் வரும் நாட்களில் காலையிலேயே கதவைத் திறந்தே வைத்திருப்பார். செவ்வாய்க்கிழமை திறந்து வைத்தார், யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் திறந்து வைத்தார். சனிக்கிழமை கீழ்வீட்டுக்காரர்கள் ஏறிப் பார்த்தபோது மனிதர் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்து, ஒரு கால்விரலை இழந்து வீட்டுக்குப் போனார்.

விசாரணை வந்தது. ஸ்கிரிப்ட்டைச் சோதித்துக் குறிப்பு எழுதும் பொறுப்பு தள்ளுங்க சாருக்கு. அவர் தன் பெயரில் நுழைந்து பத்து முறை ஓட்டிப் பார்த்தார். பத்து முறையும் வாத்தியார் பெயர் கணீரென்று இருந்தது. குறிப்பு மூன்றே வரி: “ஸ்கிரிப்ட்டைப் பரிசோதித்தேன். அதில் குறை எதுவும் இல்லை. பட்டியலை எடுத்தவரின் கவனக்குறைவே காரணம்.” ஒரு விசையைத் தட்டி அதைப் பத்தொன்பது பேருக்கு அனுப்பினார்.

அக்கா அடித்தளத்தில் இருக்கும் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றப்பட்டார். ‘ஒரு மனுஷன் உயிரோட விளையாடிட்டாங்க’ என்ற பேச்சு வேன் ஓட்டுநர்கள் வரை போய்ச் சேர்ந்தது. இனி யாரையும் நம்புவதற்கில்லை என்று தினமும் காலை தள்ளுங்க சாரே வந்து பட்டியலை எடுத்தார். மூன்று மாதம் ஒரு பெயர் விடுபடவில்லை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் “பாத்தீங்கல்ல?” என்றார்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் புதிய தலைமைக் கணினி வந்தது. பழையதிலிருந்த ஒவ்வொருவருடைய சொந்தக் கோப்புகளும் மறுநாள்தான் புதியதற்கு வரும். அன்று காலை அவர் தன் நானூறு வரி இல்லாமல், புதுக்குடி வந்தவரைப் போல வெறும் ஆளாக உள்ளே நுழைந்தார். கட்டளையைத் தட்டினார். பதிவேட்டின்படி நாற்பத்து நான்கு பெயர் வர வேண்டும். நாற்பத்தொன்று வந்தது.

அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? “என்ன பண்ணீங்க?” என்று கேட்க வாயெடுத்துத் திரும்பிப் பார்த்தார். அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

தவறாகத் தட்டியிருப்போம் என்று நிறுத்தி நிதானமாக மறுபடி தட்டினார். நாற்பத்தொன்று. விடுபட்ட மூன்று பேர் யாரென்று பதிவேட்டில் தேடினார். மூவருக்கும் போன் கட்டம் காலி. அக்கா நீட்டிய தாள் நினைவுக்கு வந்தது. மடித்து வைத்துக்கொண்ட விரல்களும் நினைவுக்கு வந்தன.

இயந்திரத்திடம் ‘இந்தப் பெயரைத் தட்டினால் நீ எந்தக் கோப்பை ஓட்டுகிறாய்’ என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. ஐந்தே எழுத்து. கேட்டால் முகவரியோடு சொல்லிவிடும். பத்து முறை பரிசோதித்தவர் அந்த ஐந்து எழுத்தை ஒருமுறைகூடத் தட்டியிருக்கவில்லை. இப்போது தட்டினார். பொதுவில் எல்லாருக்குமாக வைத்திருக்கும் கோப்பு என்றது. பழைய கணினிக்குப் போய்த் தன் பெயரில் நுழைந்து அதே கேள்வியைக் கேட்டார். அது வேறு முகவரி சொன்னது. அவருடைய சொந்தக் கோப்புறை.

அதே பெயரில் இரண்டு ஸ்கிரிப்ட் இருந்திருக்கிறது. ‘எதைத் தேடினாலும் முதலில் என் கோப்புறையில் தேடு, இல்லாவிட்டால் பொதுவில் தேடு’ என்று அவருடைய நானூறு வரிகளில் ஒரு வரி இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தது. அவர் தட்டியபோதெல்லாம் ஓடியது அவருடைய சொந்தப் பிரதி. அக்கா தட்டியபோதெல்லாம் ஓடியது பொதுப் பிரதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். சொந்தப் பிரதியில் அந்த வரிக்கு மேலே அவரே எழுதி வைத்திருந்த குறிப்பு: “போன் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த கட்டங்கள் இடம் மாறிவிடுகின்றன. சரிசெய்துவிட்டேன். நாளை பொதுவில் போட வேண்டும்.”

தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு பெஞ்சில் நடுவில் இருப்பவர் எழுந்துபோனால் மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள் இல்லையா, அதுபோல போன் எண் இல்லாத வரியில் அடுத்த விவரங்கள் ஒரு இடம் முன்னால் நகர்ந்துவிடும். கிழமை இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கும். இன்றைய கிழமை இல்லையே என்று இயந்திரம் அந்த ஆளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு நோயாளிக்கு இப்படி நேர்ந்தபோது அவர் தன் பிரதியில் திருத்தி, ஓட்டிப் பார்த்து, ‘என் கையில் சரியாக வருகிறது’ என்று எழுந்து போயிருக்கிறார். அதன்பின் போன் எண் கட்டாயம் என்று விதி வந்ததால் பொதுப் பிரதியின் குறை வெளியே தெரியவில்லை. இந்த வருடம் போன் இல்லாத ஏழைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். போன் இல்லாதவர்கள் என்பதால், நர்ஸ் ஏன் வரவில்லை என்று யாரும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை.

தன் பிரதியை எடுத்துப் பொதுவில் போட்டார். ஒரு நொடி வேலை. ஆறு வருடமாகக் காத்திருந்த ‘நாளை’ முடிந்தது. இனி யார் தட்டினாலும் நாற்பத்து நான்கு வரும். யாருக்கும் எதுவும் தெரியவும் போவதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் அவர் எப்போதும்போல ஆஸ்பத்திரியின் கெட்டிக்காரர். அக்கா எப்போதும்போல அடித்தளத்தில்.

வாயைத் திறக்காமல் நான்கு நாள் இருந்தார். அந்த நான்கு நாளும் அவர் பட்ட அவமானம் வெளியிலிருந்து வந்ததல்ல. எல்லாரும் வழக்கம்போல மரியாதையாகத்தான் நடத்தினார்கள், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஆய்வகத்தில் ஒரு பெண் “சார் கை பட்டாலே போதும், சரியாயிடும்” என்று சிரித்தபோது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அச்சு இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடினார். அடித்தளப் படிக்கட்டைத் தவிர்த்துவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். குளிக்கும்போது ‘கவனமா அடிங்கக்கா’ என்ற தன் குரலே காதில் விழ, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

வீட்டில் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார், சுற்றி வளைத்து. அவர் மனைவி ஒரு தையல் தொழிற்கூடத்தில் துணி வெட்டுகிறவர். இருபது அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டும் கை.

“ஆபீஸ்ல ஒருத்தருக்கு ஒரு சிக்கல்” என்று ஆரம்பித்தார்.

“அந்த ஒருத்தர் ரெண்டு நாளா தட்டுல கோலம் போட்டுட்டு எழுந்து போறாரே, அவரா?”

வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டே துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் இவர் “வேணும்னு செய்யலையே” என்றார்.

“நான் தப்பா வெட்டிக் குடுத்துட்டு, தைச்சவளுக்குக் கை சரியில்லன்னு எழுதிக் குடுத்தா, வேணும்னு செய்யலன்னு விட்டுருவாங்களா?”

“அது வேற, இது வேற.”

“என்னங்க வேற?”

இவர் மடித்து வைத்த துண்டு ஒன்றை எடுத்து மறுபடி மடித்தார். மனைவி ஒரு சட்டையை உதறி, “அவங்க காரணத்தையே கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்காங்க. நீங்க சிரிக்க வெச்சுட்டு வந்திருக்கீங்க. எனக்கு அதுதாங்க ஆறல” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்திருக்கிறது அவருக்கு.

ஐந்தாம் நாள் கண்காணிப்பாளர் அம்மாவின் அறைக்குப் போய் நின்றார். அந்த அம்மா நல்லவர், எதையும் அலுங்காமல் முடிக்க வேண்டும் என்று நினைப்பவர். முழுவதும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. மென்பொருள் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அவங்களைப் பழைய இடத்துக்கே கூப்பிட்டுக்கலாம். உங்க பேர் எதுக்கு இதுல? உங்களை மாதிரி ஒருத்தரை நான் எங்க போய்த் தேடுவேன்?”

பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. ஓடிப்போய் எழுதினார். “மென்பொருள் கோளாறு காரணமாகப் பட்டியலில் சில பெயர்கள் விடுபட்டன. அது இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டது.” அச்சடித்து எடுத்துக்கொண்டு, நல்ல செய்தியைத் தானே சொல்லிவிடலாம் என்று அடித்தளத்துக்கு இறங்கினார்.

கோப்புகள் அறையில் ஒரே ஒரு குழல்விளக்கு. இரும்பு அலமாரிகள் கூரை வரை. அக்கா தும்மலுக்குப் பயந்து மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பழைய கோப்புகளை வருடவாரியாகக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே முக்காலியை விட்டு ஒதுங்கி நின்றார். பதினோரு வருடப் பழக்கம்.

“உக்காருங்கக்கா, உக்காருங்க” என்றார் இவர். தாளை நீட்டினார்.

அக்கா மூக்குத் துணியை இறக்கிவிட்டுப் படித்தார். இரண்டு வரிதான், ஆனாலும் வெகுநேரம் படித்தார்.

“மென்பொருள் கோளாறு” என்றார்.

“ஆமாங்கக்கா.”

“இந்த மென்பொருள்ங்கறவர் எந்த ரூம்ல உக்காந்திருக்கார் சார்? போய் ஒரு வார்த்தை கேக்கணும்.”

இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு பிரதி, ஒரு வரி, ஆறு வருடத்துக்கு முந்தைய ‘நாளை’. தரையைப் பார்த்தே சொன்னார். எல்லாம் முடிந்ததும் அக்கா கேட்டார்: “அப்போ போன் இல்லாதவங்கதான்னு நான் சொன்னது சரியா?”

“சரிதாங்கக்கா. நீங்க சொன்னதேதான்.”

அக்கா முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். “எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு சார். நான்தான் எங்கயோ தப்பா அடிச்சிருக்கேன்னு முடிவே பண்ணிட்டேன். வீட்டுல கேஸ் அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு மூணு தடவ எழுந்து போய்ப் பாக்குறேன். கதவைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்றேன். என் பொண்ணு கேலி பண்றா. அந்த வாத்தியாரைப் பாக்க ரெண்டு தடவ வார்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ள போக முகம் இல்ல.” பிறகு தாளைத் திருப்பி நீட்டினார். “மேல வர்றதுக்கு இது போதும் சார். போடுங்க, வந்துடறேன்.”

அவர் உடனே வாங்கவில்லை. அக்கா அழுதிருந்தால், கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். ‘இது போதும்’ என்றதுதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது. பேனா இருக்கிறதா என்று கேட்டார். கயிறு கட்டிய கோப்பு ஒன்றைக் கையில் தாங்கி, அந்தத் தாளை வாங்கித் திருப்பி, நின்றபடியே அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார், முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். வருடக்கணக்கில் கையால் எழுதாத எழுத்து கோணிக்கொண்டு போனது. கைக்குட்டை எதையும் அவர் விரிக்கவில்லை, அந்தத் தூசியிலேயே உட்கார்ந்து எழுதினார். எழுதியதை அக்காவிடம் காட்டினார். அக்கா படித்துவிட்டு மூக்குத் துணியைக் கட்டிக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

மாடியேறி வந்தவர் தன் அறைக்குப் போகவில்லை. ஒரு விசையைத் தட்டினால் பத்தொன்பது பேருக்கும் போய்விடும், அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் முதல் குறிப்பு ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியது விசையால் அல்ல, வாயால். நகல் இயந்திரத்தில் பத்தொன்பது பிரதி எடுத்துக்கொண்டு நடந்தார். வழியில் முதலில் இருந்தது ஓட்டுநர்கள் ஓய்வறை. உள்ளே நாலைந்து பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சிகிச்சை வேனை ஓட்டும் பெரியவரிடம் ஒரு தாளை நீட்டினார்.

“வைங்க சார், அப்புறமாப் படிக்கிறேன்.”

“இப்பவே படிங்கண்ணே.”

பெரியவருக்கு வாய்விட்டுப் படித்தால்தான் படிப்பு ஏறும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி உரக்க ஆரம்பித்தார். “வீட்டுச் சிகிச்சைப் பட்டியலில் பெயர்கள் விடுபட்டதற்குக் காரணம் நான். ஆறு வருடத்துக்கு முன் குறையைக் கண்டுபிடித்து, எனக்கு மட்டும் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் சரிசெய்ய மறந்துவிட்டேன். பட்டியலை எடுத்தவர் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் அப்போதே சரியான காரணத்தை…” தேநீர்க் கோப்பைகள் அப்படி அப்படியே நின்றன. பெரியவர் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்தார். “போதும் சார். புரிஞ்சுபோச்சு. எதுக்கு இதெல்லாம்? உக்காருங்க, டீ சாப்பிடுங்க” என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் உட்காரவில்லை. குனிந்து, பெரியவரின் விரலைப் பிடித்து, விட்ட வரியின் கீழே கொண்டுபோய் வைத்தார்.

“இன்னும் ரெண்டு வரி இருக்குண்ணே. சத்தமாப் படிங்க.”